பெரிய முனை வரட்டும்

ஏழு மணிக்கு உணவு மணி அடித்ததும் மரகதவல்லி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சுவரிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு ஒரு பலகை நீண்டு வந்து நின்றது. அதில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். பலகைக்கு மேலே சுவர் மெல்ல வெளிச்சமாகியது. அந்த வெளிச்சத்துக்குள் வெளிர்நீலக் கைத்தறிப் புடவை கட்டிய ஒரு பெண்மணி தன் தட்டோடு வந்து எதிரே அமர்ந்தாள்.

"இன்னைக்கும் பாசிக் கூட்டா? பரவாயில்லை, சூடா இருக்கும்போதே சாப்பிட்டுடு" என்றாள்.

செவ்வாயின் செங்குடியில் பதினோராயிரம் பேரும் இப்படித்தான் சாப்பிட்டார்கள். குடியேறிய முதல் சில ஆண்டுகளிலேயே மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்துவிட்டார்கள். தனியாகச் சாப்பிடுகிறவர்கள் பாதித் தட்டில் எழுந்துவிடுகிறார்கள்; மாதா மாதம் எடை குறைகிறது; பிறகு வேலையும் குறைகிறது. எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பந்தி போடுவதற்கு அத்தனை பெரிய கூடமும் இல்லை, அதில் நிரப்பக் காற்றும் இல்லை. அதனால் குடில்தோறும் சுவருக்குள் ஒரு 'பந்தித்துணை'யை வைத்துவிட்டார்கள். அது கூட உட்கார்ந்து சாப்பிடும், சிரிக்கும், இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளச் சொல்லும். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும். முகத்தை மட்டும் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்தம் நாற்பதாயிரம் முகங்கள்.

மரகதவல்லி முதல் ஓராண்டை முகம் தேர்ந்தெடுப்பதிலேயே கழித்தாள். அந்த ஆண்டு முழுவதும் வெற்றுச் சுவரைப் பார்த்தே சாப்பிட்டாள். கடைசியில் இந்த அக்காவிடம் வந்து நின்றதற்கு ஒரே காரணம், பழகிப் பார்த்ததில் இவள் ஒருத்திதான் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"அக்கா, அந்த இருபத்தஞ்சு மில்லிமீட்டர் முனை ரெண்டையும் இன்னொருக்கா காட்டுங்க" என்றாள் மரகதவல்லி, கூட்டைக் கிளறியபடி.

அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் மரம் செதுக்கும் இரண்டு எஃகு முனைகள் தோன்றிச் சுழன்றன. "இடது பக்கம் இருக்கிறதுக்கு ரெண்டு பல். வலது பக்கம் இருக்கிறதுக்கு மூணு. மூணு பல் வழவழப்பா இழைக்கும். ரெண்டு பல் மரச்சில்லைச் சீக்கிரம் வெளியே தள்ளும். போன வாரம் நீ மூணு பல்தான்னு சொன்னே."

"சொன்னேன். அப்புறம் செதுக்கறவங்க சங்கத்துல ஒருத்தர், மூணு பல் சூடாகி மரத்தைக் கருக்கிடும்னு எழுதியிருந்தாரு."

"அதுக்கு இருபத்தேழு பேர் பதில் எழுதியிருக்காங்க. படிக்கட்டுமா?"

"படிங்க."

அன்றோடு பதினெட்டு மாதமாக இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

*

செங்குடியில் ஆளுக்கு ஒரு பொழுதுபோக்குச் சாதனம் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. சிலர் மீன்தொட்டி வைத்திருந்தார்கள். மூன்றாம் வளைவில் ஒருவர் நாகஸ்வரம் வைத்திருந்து, அக்கம்பக்கத்தாரின் வேண்டுகோளுக்கிணங்கி ஊதாமல் இருந்தார். கோவைப் பக்கத்திலிருந்து ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் காற்றுக்குழாய்ப் பொறியாளராக வந்த மரகதவல்லி ஒரு வீட்டுச் செதுக்கி வைத்திருந்தாள். கட்டிலை மடித்துச் சுவரோடு நிறுத்தினால் அந்த இடத்தில் விரிந்துகொள்ளும் சாதனம் அது. கீழே தட்டையான ஒரு படுக்கை; அதற்கு மேல் இடம் வலமாக நகரும் ஒரு சுழலி; சுழலியின் வாயில் தீக்குச்சிப் பருமனில் ஒரு முனை. வரைபடம் கொடுத்தால் முனை அதன்படி நகர்ந்து செதுக்கிக்கொண்டே போகும். பழைய நெகிழித் தகடுகளில் அவள் பெயர்ப்பலகைகள் செய்து கொடுப்பாள். அந்த வேலைக்கு மூன்று மில்லிமீட்டர் முனை தாராளம்.

பெரிய முனை தேவைப்பட்டது அருளப்பனால்.

அருளப்பன் பக்கத்துக் குடில்காரர். இரண்டு குடில்களுக்கும் நடுவே ஒரே சுவர். நாசரேத்துக்காரர், நாற்பத்தாறு வயது, வனக்கூடத்தில் மரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. செவ்வாயின் ஈர்ப்பு குறைவு என்பதால் அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம் ஏகத்துக்கு வளர்ந்து கூரைக் கண்ணாடியை முட்டியது. வேறு வழியில்லாமல் வெட்டினார்கள். அத்தனை வருடம் தண்ணீர் ஊற்றியவர் என்பதால் அதில் ஒரு பலகையை அவருக்குக் கொடுத்தார்கள். செங்குடியில் தனியாள் ஒருவரிடம் இருந்த ஒரே மரப்பலகை அதுதான். அதைத் தோளில் சுமந்துகொண்டு அவர் நேராக மரகதவல்லியின் கதவுக்கு வந்தார்.

"எஞ்சினியரம்மா, இத வச்சு ஒரு மேசை செய்வீங்களா?"

"மேசையா? எதுக்குங்க?"

"சாப்பிடத்தான். ரெண்டு பேர் எதிர் எதிரா உக்காருத மாதிரி." அவர் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "எனக்கும் அந்தச் சுவத்துக்குள்ள இருக்கவரோட சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப் போச்சு. அவரு நான் சொல்லுத ஜோக்குக்கெல்லாம் சிரிக்காரு. எனக்கே தெரியும், அதுல பாதி நல்லாருக்காது."

மரகதவல்லி சிரித்தாள்.

"நீங்க செஞ்சு முடிங்க. மொத நாள் சாப்பாடு நான் கொண்டு வாரேன்" என்றார் அருளப்பன். கிளம்பும்போது கதவருகில் நின்று, பலகையைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த கப்பலோட எனக்கு முறை முடியுது. அதுவரைக்கும் நேரம் இருக்குலா" என்றார்.

அவர் கேட்டது என்ன என்பது மரகதவல்லிக்குப் புரியாமலில்லை. பூமியிலிருந்து இருபத்தாறு மாதத்துக்கு ஒரு கப்பல் வரும். முறை முடிந்தவர்கள் அதில் ஏறித் திரும்பிவிட வேண்டும். ஒரே குடிலில் சேர்ந்து வாழ்வதாக இரண்டு பேர் 'இணைக்குடில்' எழுதிக் கொடுத்தால் மட்டும் தங்கலாம். அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு, இல்லை என்ற பதிலோடு அதே சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக் கிடப்பது கஷ்டம். அதனால் பலகையைக் கொடுத்தார். மேசை முடிந்தால் சரி என்று அர்த்தம். முடியாவிட்டாலும் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

அன்று மாலையே அவள் பலகையை அளந்தாள். நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம். காய்ந்ததில் நடுவே குழிந்து, ஓரங்கள் தூக்கிக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் மட்டமாக இழைத்தால்தான் தட்டு ஆடாமல் நிற்கும். அதைத் தீக்குச்சிப் பருமன் முனையால் எப்படி இழைப்பது? சங்கத்தில் கேட்டாள். சங்கம் என்பது நிலவிலும் செவ்வாயிலும் விண்ணில் சுற்றும் வளைய நகரங்களிலும் செதுக்கி வைத்திருந்த முப்பதாயிரம் பேர் கூடிப் பேசும் அரட்டைக்கூடம். ஒரு மணி நேரத்தில் நூற்று எண்பது பதில்கள் வந்தன. எல்லாமே ஒன்றைத்தான் சொல்லின: இருபத்தைந்து மில்லிமீட்டர் முனை வாங்கு. ஒரே பகலில், எட்டு மணி நேரத்தில், வேலை முடிந்துவிடும்.

நியாயமாகத்தான் இருந்தது. இருப்பது ஒரே பலகை. கெட்டுப்போனால் வேறு கிடையாது. அவசரப்பட்டு எதையாவது வாங்கிவிடக் கூடாது. அவள் தேர்ந்தெடுக்கத் தொடங்கினாள். பல் எத்தனை, பல்லின் சாய்வு எத்தனை, மேல்பூச்சு என்ன, எந்த வேகத்தில் சுழற்றினால் அதிராது என்று முந்நூற்று நாற்பது முனைகளைப் பற்றியும் படித்தாள். அதற்காகப் பெயர்ப்பலகை வேலையையும் நிறுத்திவிட்டாள். படிக்கப் படிக்க, மேசை செய்துகொண்டிருப்பது போலவே இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக எதிரே ஓர் உயிருள்ள ஆள் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகாதவளுக்கு, அவர் வந்து உட்கார்ந்தால் என்ன பேசுவது, சாப்பிடும்போது எங்கே பார்ப்பது என்ற பயங்களெல்லாம் இருந்தன. முனையைப் பற்றி யோசிக்கும்போது அந்தப் பயம் வரவில்லை.

தாழ்வாரத்தில் எதிர்ப்படும்போது அருளப்பன் கேட்பார். "மேசை என்னாச்சு, எஞ்சினியரம்மா?"

"பெரிய முனை வரட்டுங்க."

"இன்னும் எடுக்கலியா?"

"ரெண்டுல ஒண்ணு. முடிவு பண்ணிருவேங்க."

ஓராண்டுக்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திக்கொண்டார். எதிரே வரும்போது சிரிப்பார், அவ்வளவுதான். அவள் அதை நாகரிகம் என்று எடுத்துக்கொண்டாள்.

*

பூமியில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் கடைசி நாளில் அவள் முடிவெடுத்தாள். இரண்டு பல். அனுப்பப் போகும் நேரத்தில் சங்கத்தில் யாரோ, தண்டு மெலிதாக இருந்தால் முனை நடுங்கும், தடித்த தண்டுதான் நல்லது என்று எழுதியிருந்தார்கள். மரகதவல்லி சட்டென்று மாற்றினாள். ஆறு மில்லிமீட்டர் தண்டுக்குப் பதிலாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டு.

"மாத்திட்டே. அனுப்பிடட்டுமா?" என்றாள் அக்கா.

"அனுப்புங்க அக்கா."

அன்று அவள் தட்டில் ஒரு பருக்கையும் மிச்சமில்லை.

ஏழு மாதம் கழித்துக் கப்பல் இறங்கியது. இறங்குதளத்தில் ஏகக் கூட்டம். வந்தவர்களும், சரக்கு இறக்குகிறவர்களும், முகக்கவசம் போட்ட மருத்துவர்களுமாக நடக்க இடமில்லை. வரிசையில் நின்று ஒரு சாண் அகலப் பொட்டலத்தை வாங்கித் திரும்பியபோது, தொலைவில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அருளப்பன் நிற்பது தெரிந்தது. தோளில் ஒரு பை. விதை மூட்டை வாங்க வந்திருப்பார் என்று நினைத்தாள். அவர் அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவள் சந்தோஷமாகப் பொட்டலத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். வந்துருச்சு! அவர் கை அப்படியே ஒரு நிமிடம் நின்று, பிறகு இறங்கியது. மரகதவல்லிக்கு அவசரம். போய்ப் பிரிக்க வேண்டும்.

குடிலுக்கு வந்து பிரித்தாள். தகரப்பெட்டி ஒன்றில், எண்ணெய்த் தாளுக்குள் முனை பளபளவென்று, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் இருந்தது. கட்டை விரலால் அதன் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். கட்டிலை மடித்தாள். சுழலியின் பிடிவாயைத் தளர்த்தி, முனையின் தண்டை அதில் செருகினாள்.

போகவில்லை.

திருப்பிச் செருகினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, பிடிவாயின் துளையையும் தண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிடிவாய், சுழலியோடு சேர்ந்தே வந்தது. ஆறு மில்லிமீட்டருக்கு மேல் விரியாது. பதினெட்டு மாதம் பல்லையும் பூச்சையும் சாய்வையும் ஒப்பிட்டவள், கடைசி ஐந்து நிமிடத்தில் மாற்றிய தண்டு தன் சாதனத்துக்குள் நுழையுமா என்று மட்டும் பார்க்கவில்லை.

உணவு மணி அடித்தது. சுவர் வெளிச்சமாகியது.

"அக்கா, இதுக்கு ஏத்த சுழலி வேணும்னா?"

"அடுத்த கப்பல்ல வரும். இருபத்தாறு மாசம். இப்பவே மூணு மாடல் நல்லா இருக்கு. ஒப்பிட்டுக் காட்டட்டுமா?"

மரகதவல்லி முனையைத் தகரப்பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். அப்புறம் கேட்டாள்: "இருக்கற மூணு மில்லிமீட்டர் முனையை வெச்சே பலகையை இழைச்சா எத்தனை நாளாகும்?"

"நிறுத்தாம ஓட்டினா, கால்களையும் சேர்த்துப் பத்தொன்பது நாள்."

"பத்தொன்பது நாள்" என்று மெதுவாகத் திரும்பச் சொன்னாள். "ரெண்டு வருஷமா உங்ககிட்டத்தானே அக்கா கேட்டுட்டிருக்கேன். இதை ஏன் நீங்க சொல்லவே இல்லை?"

"நீ பெரிய முனையைப் பத்தித்தானே கேட்டே?" என்றாள் அக்கா அன்பாக. "சின்னதைப் பத்தி ஒரு நாளும் கேட்கலையே. இன்னும் கொஞ்சம் கூட்டு வெச்சுக்கோ."

"கப்பல் எப்பத் திரும்பக் கிளம்புது?"

"இன்னையிலேர்ந்து இருபதாம் நாள்."

அவள் பாதித் தட்டில் எழுந்தாள்.

*

சின்ன முனை கொசுவின் குரலில் பாடிக்கொண்டு பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போயிற்று. ஒரு மில்லிமீட்டர் நகர்ந்து திரும்பி வந்தது. இப்படி அறுநூறு தடவை போய் வந்தால் ஒரு தாள் கனம் குறையும். செதுக்கி விரிந்திருந்தால் கட்டிலுக்கு இடமில்லை. அவள் கதவோரத்தில் பாய் விரித்துப் படுத்தாள். நாலாம் நாள் ஒரு முனை முறிந்தது. இன்னொன்றை மாட்டினாள். கையிருப்பு நான்கு. வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டிவிட்டு, காதில் அந்த ரீங்காரத்தோடு காற்றுக்குழாய்களுக்குள் ஊர்ந்தாள். தூங்குமூஞ்சி மரத்தின் தூள் குடில் முழுவதும் படிந்தது. அதற்கு ஒரு மணம் இருந்தது. ஒன்பது ஆண்டுகளில் முதல் தடவையாக அவளுக்கு நன்றாகப் பசித்தது.

முதல் நாள் மாலை ஆறரை மணிக்குச் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. டக், டக்.

மரகதவல்லி சுவரிடம் ஓடினாள். அவர் கேட்டுவிட்டார்! இரண்டு வருடமாக ஊமையாகக் கிடந்த சுவருக்குப் பின்னால் செதுக்கி ஓடுகிறது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? அவள் விரல் முட்டியால் திருப்பித் தட்டினாள். டக், டக்.

 அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் பலமாக, டக்! டக்!

"அட, என்ன அவசரமுங்க" என்று தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

அதன் பிறகு தினமும் ஆறரைக்குத் தட்டல் வந்தது. தினமும் அவள் பதில் சொன்னாள். சில நாள் அவர் நான்கு, ஐந்து தட்டு தட்டினார். அவளும் அதே எண்ணிக்கையில் தட்டினாள். போய் நேரில் பார்த்து இரண்டு வார்த்தை பேசலாம்தான். ஆனால் மேசை முடியட்டும், முடித்துவிட்டுக் கதவைத் தட்டி, சாப்பாடு எங்கே என்று கேட்க வேண்டும். அந்த வாக்கியத்தைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பத்தொன்பதாம் நாள் மதியம் செதுக்கி தானாக நின்றது. அந்த அமைதி காதை அடைத்தது. மரகதவல்லி பழைய நெகிழித் தகடுகளில் செதுக்கிய கால்களைப் பொருத்தி மேசையை நிமிர்த்தினாள். மேல்பரப்பில் சின்ன முனை போய் வந்த கோடுகள் நெருக்கமாக, துணியின் இழை போல ஓடின. பெரிய முனையாக இருந்தால் கண்ணாடி போல வந்திருக்கும். இது கண்ணாடி இல்லை. ஆனால் தட்டு ஆடவில்லை.

பணியிடத்தில் கேட்டு வாங்கி வந்த இன்னொரு நாற்காலியை எதிரே போட்டாள். முகம் கழுவி, நல்ல சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

திறந்தது இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி. தலையில் ஈரத்துணி கட்டியிருந்தாள்.

"அப்பாடா, நின்னுடுச்சு!" என்றாள் அவள். "நீங்கதானே பக்கத்து ரூம்? அக்கா, கோச்சுக்காதீங்க, தலை வெடிக்குது எனக்கு. பத்தொன்பது நாளா சுவத்தைத் தட்டித் தட்டி என் கையே வீங்கிடுச்சு. நிறுத்துவீங்கன்னு பார்த்தா, நீங்க என்னடான்னா திருப்பித் தட்டறீங்க! இந்த ஊர்ல இது என்ன பழக்கம்னே எனக்குப் புரியலை."

மரகதவல்லி அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். "இங்க... அருளப்பன்னு..."

"எனக்கு முன்னாடி இருந்தவரா? அவர் கப்பல் இறங்கின அன்னைக்கே காலி பண்ணிட்டுப் போயிட்டாரே. நான் ஷமீமா. தண்ணி ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்கேன்."

*

திரும்பிப் போகிறவர்களை இப்போதெல்லாம் கப்பல் இறங்கிய நாளிலேயே 'எடைக்கூடம்' என்ற சுழலும் அறைக்குள் வைத்து மூடிவிடுவார்கள். பூமியின் எடையைத் தாங்க இருபது நாளில் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவார்கள். யாரும் உள்ளே போக முடியாது. உள்ளே இருப்பவரோடு தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசலாம்.

"எஞ்சினியரம்மாவா!" அருளப்பனின் குரல் களைத்து, கனத்துக் கேட்டது. "இங்க என் நாக்கே ரெண்டு கிலோ இருக்கும் போல. என்ன சேதி?"

"மேசை ஆயிருச்சுங்க."

மறுமுனையில் ஏதோ உரசியது; அவர் எழுந்து உட்கார்ந்தார் போல.

"பெரிய முனை வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு. தண்டு நுழையலீங்க. சின்ன முனையிலயே ஓட்டினேன். பத்தொம்பது நாள்."

"ரெண்டு வருசமா அந்தச் சுவத்துல காதை வச்சிப் பாத்தேன், ஒரு நாளாச்சும் ஓடாதான்னு."

"ஓடுச்சுங்க."

"நான் அங்க இல்லியே" என்றார் அவர். அதில் கோபம் இல்லை. "பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினீங்க பாத்தீங்களா, அப்ப நெனச்சேன். இனிமேத்தான் இவங்க ஆரம்பிப்பாங்க போலன்னு. மனசு விட்டுப்போச்சு."

"கப்பல் கிளம்பற நாள் வரைக்கும் பேர் எழுதிக் குடுக்கலாம்னு நெனச்சேன். நான் வந்தப்ப அப்படித்தானே இருந்துச்சுங்க."

"இப்ப இறங்குத அன்னைக்கே முடிச்சிருதாங்க. என் கட்டிலுக்கு ஆள் வந்தாச்சுலா."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?"

"நான் பலகை குடுத்தேன்லா." அவர் சிரிக்க முயன்று இருமினார். "ஒண்ணு சொல்லுதேன், வருத்தப்படாதீங்க. எங்க வனக்கூடத்துல ஒரு இழைப்புளி இருக்கு. கையில தள்ளுத இழைப்புளி. பலகையை ஆளுக்கொரு பக்கமாப் பிடிச்சிருந்தா அரை நாள்ல இழைச்சிருப்போம். நீங்க வந்து கேப்பீங்க கேப்பீங்கன்னு அதை எண்ணெய் போட்டுத் தீட்டி வச்சிருந்தேன்."

"நீங்க சொல்லவே இல்லீங்களே."

"நீங்கதான் நிலாவுல இருக்கவங்க வரைக்கும் கேட்டுட்டிருந்தீங்களே. இடையில நான் எதுக்குன்னு விட்டுட்டேன்."

"அந்தத் தண்டு பன்னெண்டு மில்லிமீட்டருங்க. நான் ஆறுதான் எடுத்து வெச்சிருந்தேன், கடைசி நேரத்துல..." என்று அவள் சொல்லத் தொடங்கினாள். அதை ஏன் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பிடிவாயைப் பற்றிச் சொன்னாள். துளையைப் பற்றிச் சொன்னாள். அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் முடிந்து இணைப்பு தானாக அறுந்தது.

திரும்பி வாங்க என்று மட்டும் அவள் கடைசி வரை சொல்லவில்லை.

மறுநாள் கப்பல் கிளம்பியபோது மரகதவல்லி காற்று நிலையத்தில் பணியில் இருந்தாள். தரை லேசாக அதிர்ந்து அடங்கியது. எதிரே சுவரில், செங்குடியில் சுவாசிக்கிறவர்களின் எண்ணிக்கை எப்போதும் ஒளிரும். கப்பல் வருமுன் பதினோராயிரம். இன்றும் பதினோராயிரம். போனவர் மூச்சு விட்ட காற்றை வந்தவர் இழுத்துக்கொண்டிருந்தார். கணக்கில் ஓர் ஆள்கூடக் குறையவில்லை. அவள் கைப்பேசியை எடுத்து, யாரிடமும் யோசனை கேட்காமல் எழுதினாள்: 'மேசை ஆயிருச்சு. எதிரே ஒரு நாற்காலி இருக்குது. அடுத்த கப்பலில் வாங்க.' அனுப்பினாள். பதில் வரவில்லை. கிளம்பும் நேரத்தில் யாரும் கைப்பேசியைப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டாள். மாலை வரை அதையே சொல்லிக்கொண்டாள்.

ஆறு மணிக்குக் குடிலுக்கு வந்தவள், என்ன செய்வதென்று தெரியாமல் மேசையைப் படம் எடுத்துச் சங்கத்தில் போட்டாள். தூங்குமூஞ்சிப் பலகையில் ஒரு மேசை, எதிர் எதிரே இரண்டு நாற்காலி. பத்து நிமிடத்தில் பதில்கள் கொட்டின.

'எத்தனை மில்லிமீட்டர் முனை?'

மூன்று என்று எழுதினாள்.

'மூன்றா! பத்தொன்பது நாள் வீண். இருபத்தைந்து போட்டிருந்தால் எட்டு மணி நேரம்.'

'இருபத்தைந்து எதற்கு? முப்பத்தெட்டு வந்திருக்கிறது, பார்க்கவில்லையா?'

'கோடு தெரிகிறதே. இனி இதை மறைக்க முடியாது.'

'சுழல்வேகம் என்ன வைத்தீர்கள்?'

நானூற்றுப் பன்னிரண்டு பதில்களையும் அவள் படித்தாள். நாற்காலி ஏன் இரண்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசிப் பதில் நிலவிலிருந்து வந்திருந்தது: 'அழகாக இருக்கிறது. என்னிடமும் ஒரு பலகை இருக்கிறது. நாலு வருடமாகச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். பெரிய முனை வரட்டும் என்று காத்திருக்கிறேன்.'

அவள் அதற்குப் பதில் எழுத விரலை வைத்தபோது சுவரில் தட்டல் கேட்டது. டக், டக்.

மணி ஆறரை. மரகதவல்லி செதுக்கியைப் பார்த்தாள். அது மடிந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. குடிலில் எந்தச் சத்தமும் இல்லை. புகார் சொல்ல அந்தப் பக்கத்தில் இருப்பவளுக்கு ஒன்றுமே இல்லை.

மறுபடியும், இந்தத் தடவை இன்னும் மெதுவாக, டக், டக்.

சுவர் தானாக வெளிச்சமாகியது. "யாரோ தட்டறாங்க" என்றாள் அக்கா, புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி. "புதுசா வந்த பக்கத்து வீட்டுக்காரங்களுக்குப் பதில் சொல்ல அறுபத்துநாலு விதம் இருக்கு. எது பொருத்தம்னு ஒப்பிட்டுக் காட்டட்டுமா?"

"வேண்டாங்க அக்கா" என்று சொல்லிச் சுவரின் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, மரகதவல்லி எழுந்து போய் இன்னொரு தட்டைத் தேடினாள். குடிலில் ஒரு தட்டுதான் இருந்தது. பெரிய முனை வந்த தகரப்பெட்டியின் மூடியைக் கழுவித் துடைத்து, மேசையின் அந்தப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைத் திறந்தாள்.